மால்டா, சிசிலி: 2,318 படங்களில் 48

போன அக்டோபரில் அக்காவும் நானும் பதினோரு நாள் மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவிலும் இத்தாலியின் தீவான சிசிலியிலும் சுற்றிவிட்டு வந்தோம். ஊர் திரும்பியபோது என் கேமராவில் 2,318 படங்கள் இருந்தன. அக்காவின் போனில் நானூற்றுச் சொச்சம். இவற்றிலிருந்து 48 படங்களைப் பொறுக்கி, முழங்கால் வலியால் எங்களோடு வர முடியாமல் போன அம்மாவுக்கு ஒரு ஆல்பம் போட்டுக் கொடுப்பதுதான் திட்டம். அது கைக்கு வர நாலு மாதம் ஆனது. எடுத்த பதினோரு நாளில் கற்றதைவிட, பொறுக்கிய நாலு மாதத்தில் கற்றது அதிகம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

கையில் இருந்தது 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா ஒன்று, 18-55 மி.மீ. ஜூம், 35 மி.மீ. எஃப் 2 லென்ஸ். ஒரு போலரைசர் ஃபில்டர். 64 ஜிபி கார்டு இரண்டு, படங்களைச் சேமிக்கச் சின்ன எஸ்எஸ்டி டிரைவ் ஒன்று. டிரைபாட் எடுத்துப் போகவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை. எல்லாப் படமும் ரா ஃபைல்தான், அதாவது சென்சார் பதிந்த விவரத்தை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. தினமும் இரவு அறைக்கு வந்ததும் லேப்டாப்பில் ஒரு பிரதி, எஸ்எஸ்டியில் ஒரு பிரதி. லேப்டாப் என் பையில், எஸ்எஸ்டி அக்காவின் பையில். பயணம் முடியும்வரை ஒரு படத்தைக்கூட அழிக்கவில்லை.

முதல் ஊர் மால்டாவின் தலைநகர் வல்லெட்டா. 1565இல் துருக்கிய முற்றுகையைத் தாங்கி நின்ற செயின்ட் ஜான் சபையின் வீரத்துறவிகள், அடுத்த ஆண்டு 1566இல் அடிக்கல் போட்டுக் கட்டிய நகரம். கட்டம் போட்டது மாதிரி நேரான தெருக்கள், இருபுறமும் உயர்ந்த வீடுகள், எல்லாமே தேன் நிறச் சுண்ணாம்புக்கல். மாடிகளில் பச்சையும் சிவப்பும் நீலமுமாக, கண்ணாடி வைத்து மூடிய மரப் பால்கனிகள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் உச்சி வெயிலில் தெருவின் ஒரு பக்கம் கண் கூசும், மறுபக்கம் கிணறு மாதிரி இருட்டாக இருக்கும். முதல் நாள் எடுத்த தெருப் படங்களில் பாதிக்கு மேல் வானம் வெளுத்துப்போய், நிழல் கறுத்துப்போய்க் கிடந்தன.

இரண்டாம் நாள் இதற்கு ஒரு வழி பிடிபட்டது. வெயில் படும் சுவரையும் வானத்தையும் படத்திலிருந்து விலக்கிவிட்டு, நிழல் பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்த நிழலுக்குள் வருகிறது. கல்லே தேன் நிறம் என்பதால் திரும்பி வரும் வெளிச்சத்துக்கும் அதே நிறம். பகல் பன்னிரண்டரை மணிக்கு அக்காவை ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். முகத்தில் ஒரு கடுமையான நிழல் இல்லை, மாலை வெயிலில் எடுத்தது போலவே வந்தது. ஆல்பத்தில் அக்கா இருக்கும் மூன்று படங்களில் அது ஒன்று. "நண்பகலில் கேமராவை உள்ளே வைத்துவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். குறுகலான கல் தெருக்கள் உள்ள ஊருக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மார்சஷ்லொக். வல்லெட்டாவுக்குத் தெற்கே உள்ள மீனவ ஊர்; ஞாயிறுதோறும் கரையோரம் சந்தை. இங்கே மிதக்கும் லுட்சு படகுகளுக்கு நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பட்டை பட்டையாக வண்ணம். முகப்பின் இருபுறமும் ஒவ்வொரு கண். தீங்கிலிருந்து படகைக் காப்பதற்கான கண் அது. படித்துறை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, 35 மி.மீ. லென்ஸில் ஒரு கண்ணை மட்டும் அருகில் எடுத்தேன். நீலப் பலகை மேல் பல அடுக்காகப் பூசிய பெயிண்ட், அது வெடித்த கோடுகள், கண்ணுக்குக் கீழே ஈரம் வழிந்த தடம்.

அங்கேதான் போலரைசர் பற்றி ஒன்று புரிந்தது. வானம் அடர் நீலமாக வரும் என்று அதை மாட்டிக்கொண்டு எடுத்தேன். வானம் நன்றாகவே வந்தது. ஆனால் தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்த படகின் வண்ண நிழல் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. நீரின் மேல் தெரியும் பிரதிபலிப்பைக் குறைப்பதுதானே அந்த ஃபில்டரின் வேலை! கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொன்று எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வானம் கொஞ்சம் வெளிறிய இரண்டாவது படத்தில்தான் உயிர் இருக்கிறது. பயணத்தில் மிச்ச நாள் முழுக்க அந்த ஃபில்டர் பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை வல்லெட்டாவின் செயின்ட் ஜான் தேவாலயம். 1608இல் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் அங்கே இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அது. வழியும் ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். அதற்கு முன்னால் கேமராவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஓவியத்தைப் படம் எடுத்து வருவதில் எனக்குப் பிடிப்பில்லை. நம்மைவிட நன்றாக எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அந்த நேரத்தை அதைப் பார்க்கச் செலவழிக்கலாம்.

ஐந்தாம் நாள் கப்பலில் சிசிலியின் பொசால்லோவுக்கு. அங்கிருந்து சிரகூசா. பழைய நகரமான ஒர்டீஜியா கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தீவு. தேவாலயத்தின் பக்கச் சுவரில் பிரம்மாண்டமான தூண்கள் பாதி உள்ளே, பாதி வெளியே புதைந்து நிற்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டிய, கிரேக்கத் தெய்வம் அதீனாவின் கோயில் தூண்கள் அவை. இடையில் சுவர் வைத்து அடைத்து, கோயிலையே தேவாலயமாக்கிவிட்டார்கள். முகப்பு 18ஆம் நூற்றாண்டு. அது மேற்கே பார்ப்பதால் மதியத்துக்குப் பிறகுதான் வெயில் விழும். காலையில் ஒருமுறை போய் ஏமாந்து, மாலை மறுபடி போனோம்.

முன்னால் இருக்கும் சதுக்கம் முழுக்க வெளிர் கல் பாவியது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். படம் முழுக்க வெள்ளைக் கல் என்றால் அதைச் சாம்பலாக்கிவிடும். அதனால் படம் கொஞ்சம் வெளிச்சமாக வர, எக்ஸ்போஷரைப் பிளஸ் 2/3 வைத்தேன். சரியாக வந்தது. பிறகு அதே பிளஸ் 2/3ஐ மாற்ற மறந்து, பாதி நிழலும் பாதி வெயிலுமாக இருந்த சந்துக்குள் போய் நாற்பது படம் எடுத்தேன். வெயில் பட்ட கல் அத்தனையும் வெறும் வெள்ளை. ரா ஃபைலிலும் அங்கே விவரம் இல்லை. இப்போது ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தை எடுத்ததும், இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்க்கிறேன். வலது ஓரத்தில் முட்டி நின்றால் உடனே குறைக்கிறேன்.

அன்று மாலை கடற்சுவர் மேல், காற்றில், லென்ஸ் மாற்றினேன். அது பெரிய தவறு. மூன்று நாள் கழித்து, சிசிலியின் இன்னொரு நகரமான கட்டானியாவில் தங்கிய அறையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எல்லா வானத்திலும் வலது மேல் மூலையில் ஒரு சாம்பல் புள்ளி. எஃப் 2.8இல் எடுத்ததில் தெரியவில்லை. எஃப் 11இல் எடுத்ததில் மிளகு வைத்த மாதிரி இருந்தது. எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும். துளை சிறிதாகச் சிறிதாக, படம் பதியும் சென்சாரில் உள்ள தூசியின் நிழல் கூர்மையாகும், அதுதான் காரணம். அறையின் வெள்ளைச் சுவரை, ஃபோகஸ் இல்லாமல், எஃப் 16இல் ஒரு படம் எடுத்தேன். ஒன்றல்ல, மூன்று புள்ளிகள்.

ரப்பர் ஊதுகுழல் ஒன்று பையில் இருந்தது நல்லதாயிற்று. லென்ஸைக் கழற்றி, கேமரா வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, கீழிருந்து ஊத வேண்டும். அப்போதுதான் கிளம்பும் தூசி கீழே விழும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்தால் அது வேறு கதை. சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் வலது மேலே தெரியும் புள்ளி, கேமரா வாய் வழியாக எதிரிலிருந்து பார்க்கும்போது வலது கீழே இருக்கும். அந்த இடத்தைக் குறிவைத்து ஊதினேன். இரண்டு போய்விட்டன. ஒன்று போகவில்லை. கடல் காற்றின் உப்பு ஈரத்தில் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதை அங்கே தேய்த்துப் பார்க்கத் துணியவில்லை. ஊருக்கு வந்துதான் சுத்தம் செய்தேன். அதன் பிறகு லென்ஸ் மாற்றுவது கடைக்குள்ளோ பேருந்துக்குள்ளோ மட்டும். படங்களில் இருந்த புள்ளிகளை ஒரு படத்தில் திருத்தி, அதே திருத்தத்தை வானம் உள்ள மற்றப் படங்களுக்கும் நகல் செய்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், ஏனென்றால் சில படங்களில் அந்த இடத்தில் வானம் இல்லாமல் ஜன்னல் இருந்தது.

சனிக்கிழமை காலை கட்டானியா மீன் சந்தை. இந்தப் பயணத்தில் எனக்கு ஆகப் பிடித்த இரண்டு மணி நேரம் அது. 1693 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊரை எட்னாவின் எரிமலைக் கல்லை வைத்தே திரும்பக் கட்டினார்கள். தெருக்கல்லும் கறுப்பு, சுவரும் கறுப்பு. மீன் கழுவிய தண்ணீர் ஓடி, தரை முழுக்கப் பளபளக்கிறது. வாள்மீன் தலைகளை வெட்டி, வாள் மேலே நிமிர்ந்திருக்க வரிசையாக வைத்திருக்கிறார்கள். நெத்திலி, சாளை, கணவாய், ஆள் உயரச் சூரை. அத்தனை கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கூவுகிறார்கள்.

இங்கே ஐஎஸ்ஓ 1600, எஃப் 4. வெயில் ஒரு கீற்றாக மட்டும் உள்ளே விழுந்தது. கேமராவைக் காட்டி "பொஸ்ஸோ?" என்று கேட்பேன். 'எடுக்கலாமா' என்று பொருள். பெரும்பாலோர் தலையசைத்தார்கள். ஒரு பெரியவர் விரலை ஆட்டி வேண்டாம் என்றார். கேமராவை இறக்கிவிட்டு, அவரிடம் ஆலிவ் வாங்கிக்கொண்டு நகர்ந்தோம். சூரை வெட்டும் ஒருவர் மேசைக்கு எதிரே கால் மணி நேரம் நின்றேன். முதலில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அதையும் எடுத்தேன். பிறகு நான் இருப்பதை மறந்து வேலையில் இறங்கிவிட்டார். அப்போது ஷட்டர் வேகம் 1/60 நொடிக்குக் குறைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

தவோர்மினா, நோட்டோ இரண்டுக்கும் ஒவ்வொரு நாள் போய் வந்திருந்தோம். இரண்டுமே அழகான ஊர்கள், எனக்கு அங்கே நல்ல படம் கிடைக்கவில்லை. பலெர்மோவில் பல்லாரோ சந்தையின் சிவப்புத் துணிப் பந்தலுக்குக் கீழே எல்லாமே சிவந்து வந்தது. வொயிட் பேலன்ஸை முழுக்கச் சரிசெய்தால் சந்தையே வேறு இடம் போல ஆகிவிடுகிறது. பாதி சிவப்பைக் குறைத்து, பாதியை விட்டுவைத்தேன்.

ஊருக்கு வந்ததும் மூன்று வாரம் படங்களைத் தொடவில்லை. வேண்டுமென்றேதான். பிறகு லைட்ரூம் மென்பொருளில் என் படங்களையும் அக்கா போன் படங்களையும் சேர்த்துப் போட்டதும் வரிசை குழம்பியது. சாப்பிட்ட படத்துக்குப் பிறகு விடியற்காலை வந்தது. போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது. கேமரா இந்திய நேரத்திலேயே ஓடியிருக்கிறது. அக்டோபரில் மால்டாவும் இத்தாலியும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். கப்பலில் போகும்போதுதான் நான் அதை மாற்றினேன், ஆக முதல் நாலு நாள் படங்களை மட்டும் நகர்த்த வேண்டும். மூன்றரை மணி நேரம் குறைத்தும் இரண்டும் ஒட்டவில்லை. கேமரா கடிகாரம் ஏற்கெனவே கொஞ்சம் வேகமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு?

அதற்கு விடை தந்தது ஒரு பீரங்கி. வல்லெட்டாவில் அப்பர் பராக்கா தோட்டத்துக்குக் கீழே பீரங்கி மேடை இருக்கிறது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே வேட்டுப் போடுவார்கள். முன்பெல்லாம் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் மாலுமிகள் அந்த வேட்டை வைத்துத்தான் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டார்கள். பயணத்தின் முதல் சனிக்கிழமை அதை நான் தொடர்ச்சியாக எடுத்திருந்தேன். புகை கிளம்பும் முதல் படத்தின் நேரம் 15:31:40 என்று பதிவாகியிருந்தது. அது 12:00:00 ஆக வேண்டும். அந்த ஒரு படத்தின் நேரத்தை அப்படி மாற்றி, நாலு நாள் படங்களையும் அதே அளவுக்கு நகர்த்தச் சொன்னதும், அக்கா போன் படங்களோடு அத்தனையும் அச்சாகப் பொருந்தின. கப்பல் கடிகாரங்களைத் திருத்திய வேட்டு என் கேமராவையும் திருத்தியதில் எனக்கு அன்று முழுக்க மகிழ்ச்சி. அடுத்த பயணத்தில் முதல் வேலையாக போனின் கடிகாரத்தைக் கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன்.

இனி பொறுக்குவது. முதல் சுற்றில் ஃபோகஸ் தவறியது, வெளுத்தது, யாரோ குறுக்கே வந்தது எல்லாம் போயின. 1,460 மிஞ்சியது. இரண்டாம் சுற்றில் ஒரே காட்சியின் படங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். பதினான்கு படகுப் படங்களை மொத்தமாகப் பார்த்தால் எல்லாமே நல்லதாகத் தோன்றும். இரண்டு மட்டும் எதிரெதிரே நின்றால் கண் சட்டென்று முடிவு சொல்லிவிடும். இப்படி 180 வரை வந்தேன். அதற்குக் கீழே இறங்க முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் உண்டு. எட்னாவை விடியலில் எடுத்த படம் ஒன்று. அதற்காக நாலரை மணிக்கு எழுந்து, குளிரில் நின்று, அக்கா தன் சால்வையை எனக்குப் போர்த்தியது எல்லாம் எனக்குத் தெரியும். படத்தில் இருப்பது ஒரு மங்கலான மலையும் மூன்று மின்கம்பிகளும். எனக்கு அதைப் பார்க்கும்போது குளிர் ஞாபகம் வருகிறது. பார்ப்பவருக்கு என்ன வரும்? அங்கே வராத ஒருவர்தான் இதைச் சொல்ல முடியும் என்று பட்டது.

180ஐயும் நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு, அம்மா இருக்கும் தூத்துக்குடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். நான் வேண்டும் என்று நினைத்தது ஒரு கட்டு, வேண்டாம் என்று நினைத்தது ஒரு கட்டு. அம்மா கேட்டால் தவிர ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அம்மா எந்தப் படத்தில் நின்று பார்க்கிறார்களோ அதன் பின்னால் பென்சிலால் ஒரு கோடு.

எட்னா படத்தை ஒரு நொடியில் தாண்டிவிட்டார்கள். வல்லெட்டா தெருக்கள் பதினொன்று வந்ததும், "என்ன எய்யா, எல்லாம் ஒரே செவரா இருக்கு?" என்றார்கள். உண்மைதான். அதில் இரண்டு மட்டும் போதும் என்பது அப்போது தெரிந்தது. படகின் கண்ணில் ரொம்ப நேரம் நின்றார்கள். பச்சைக் கதவு முன்னால் நின்ற அக்காவைப் பார்த்து, "இவ மெலிஞ்சிட்டாளே" என்றார்கள்.

அப்புறம் வேண்டாம் கட்டைப் பிரித்தார்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். கட்டானியாவில் சூரை வெட்டும் படம். வேகம் 1/60 ஆகிவிட்டதால் கை கலைந்து தெரிகிறது. ஆளின் தலை மூக்குக்கு மேலே வெட்டுப்பட்டிருக்கிறது. மேசையில் கருஞ்சிவப்பாக மீனின் குறுக்குவெட்டு, நீளக் கத்தி, கீழே கறுப்புக் கல்லில் ரத்தமும் தண்ணீரும். நான் வைத்திருந்தது அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் கூர்மையான படம்.

"இதை ஏன் தள்ளி வச்சிருக்க?"

"கை ஆடிட்டும்மா. இதுல பாருங்க, மொகம் நல்லாத் தெரியுது."

"அதுல அவன் ஒன்னையப் பாத்துல்லா சிரிக்கான். மீனை எங்க பாக்கான்? இதுலதான் சூரை வெட்டுறது தெரியுது. கத்தி எலும்புல எறங்குற நேரம் இது."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. தூத்துக்குடிக் கரையில் அறுபது வருடமாக மீன் வாங்குகிறவர்கள் அவர்கள். சிரிக்கும் படத்தை வெளியே எடுத்துவிட்டு, கலைந்த கையை உள்ளே வைத்தேன். அந்த ஒரு படம் மாறியதும் மற்றவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. கேமராவுக்காக நின்ற படங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கோடு விழுந்தவை 61. அதிலிருந்து 48க்கு வருவது ஒரு மாலை வேலை.

எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்க்கும்போது தரையில் பரப்பி வைத்து அக்காவும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஊர் வரிசை, தேதி வரிசை என்று போகவில்லை. வல்லெட்டாவின் தேன் நிறச் சுவருக்கு எதிரே கட்டானியாவின் கறுப்புச் சுவர். படகின் கண்ணுக்கு எதிரே வாள்மீனின் கண். இரண்டும் ஒரே அளவு, ஒரே உயரத்தில். இந்தப் பக்கம் அக்காவின் யோசனை. கடிகாரத்தை அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்தது வீணா என்றால், இல்லை. எது எங்கே எடுத்தது என்று பின்பக்கம் ஊர், நாள், நேரம் எழுத அதுதான் உதவியது.

சோதனைப் பிரிண்டில் கறுப்புக் கல் படங்கள் ஆறும் இருண்டுபோய் வந்தன. லேப்டாப் திரையின் வெளிச்சத்தை நான் முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தியிருக்கிறேன். திரையில் தெரிந்த நிழல் விவரம் காகிதத்தில் வரவில்லை. திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, ஆறு படங்களையும் திரும்பத் திருத்தி, பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் மறுபடி ஒரு சோதனை. இந்த முறை கல்லின் ஈரம் தெரிந்தது.

ஆல்பத்தை அம்மா சாப்பாட்டு மேசை மேலேயே வைத்திருக்கிறார்கள். மிச்ச 132 பிரிண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் பீரோவுக்குள் இருக்கின்றன. சூரைப் படத்தை மட்டும் பெரிதாகக் கேட்டார்கள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் போட்டுப் பார்த்தேன். கை இன்னும் கலைந்து தெரிகிறது, கத்தி முனை மட்டும் அசையாமல் நிற்கிறது. அடுத்த வாரம் ஃப்ரேம் போடக் கொடுக்க வேண்டும்.